கனம் பார்த்து எடுத்த குழாய்

போட்டிக்கு நான் போகவில்லை, தங்கச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் இந்த ஈச்சனாரிக்கு டிக்கெட் எடுத்தது எங்கள் நாத்தனார் வீட்டுக்கு. அவளைப் பார்த்து வெகு நாளாயிற்று. போட்டி நடக்கிற காலேஜும் அதே ஈச்சனாரியில் இருந்தால் நான் என்ன செய்ய முடியும்? நானா கொண்டுபோய் அங்கே கட்டினேன்?

இந்தக் கேரியர் உங்கள் மடியில் இருக்கட்டுமா? கீழே வைத்தால் இந்த டிரைவர் பிரேக் போடுகிற வேகத்துக்கு உருண்டு முன் சீட்டுக்குப் போய்விடும். என் மடியில் வைத்துக்கொள்ளலாம்தான். எனக்கு முழங்கால் வலி. உள்ளே புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். நாத்தனார் ஒருத்திக்கு இவ்வளவா என்று பார்க்கிறீர்கள். அவள் நன்றாகச் சாப்பிடுவாள்.

என் மகள் பெயர் இளவேனில். தேனியிலேயே இன்ஜினியரிங் படிக்கிறாள், கடைசி வருஷம். அவர்கள் காலேஜில் ரோபோ சண்டை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இவர்களே ஒரு இயந்திரம் செய்து, ஊர் ஊராகப் போய், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டு, வேறு காலேஜ் இயந்திரத்தோடு மோதவிட வேண்டும். சேவல் சண்டைதான். சேவலுக்குப் பதில் இரும்பு. போலீஸ் வந்து பிடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவர்கள் மூன்று பேர். கேப்டன் என் மகள். ரிஸ்வானா என்று ஒரு பெண், கணக்கெல்லாம் அவள். ஜெபசீலன் என்று ஒரு பையன், முடுக்குவது, அறுப்பது, தூக்குவதெல்லாம் அவன். காலேஜ் பட்டறையைச் சாயந்தரம் பூட்டிவிடுகிறார்கள் என்று எங்கள் வீட்டு மொட்டைமாடி ஷெட்டில்தான் வேலை. நான் எதிலும் தலையிடுவதில்லை. டீ கொண்டுபோவேன், தம்ளர் எடுக்கப் போவேன், துணி காயப்போடப் போவேன், காய்ந்ததா என்று பார்க்கப் போவேன். மற்றபடி அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

போன வருஷமும் செய்தார்கள். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மூன்று மாசம் சோறு தண்ணீர் இல்லாமல் செய்து திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். கூண்டுக்குள் விட்டதும் எதிரி வந்து ஒரே ஒரு இடி. தங்கச்சி, நொறுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. மடங்கிப்போய்விட்டது. எண்ணெயில் போட்ட அப்பளம் சுருளுமே, அப்படி. எவனோ அதைப் படம் பிடித்து, பின்னால் அப்பளம் பொரிகிற சத்தத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டான். எங்கள் தெரு வரைக்கும் வந்தது. பால்காரர் என்னிடமே காட்டினார். காலேஜில் இவர்கள் போனாலே, அப்பளம் டீம் வருது வழி விடுங்கடா என்று ஒரே கேலி. அவள் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் பெற்றவள், எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு. படிப்பு முடிந்துவிடும். இதில் கூண்டுக்குள் போய் நின்று காட்டினால்தான் அந்தப் பெயர் போகும். இல்லையென்றால் அப்பளத்தோடுதான் பட்டம் வாங்க வேண்டும்.

சரி, இந்தத் தடவையாவது கனமாகச் செய்வார்கள் என்று பார்த்தால், குழாய் தடிமனுக்கு ஒரு வாரம் சண்டை. இயந்திரத்துக்குச் சட்டம் மாதிரி ஒன்று கட்டுவார்கள். சதுரக் குழாயை அறுத்து வெல்டு வைத்து, அதற்குள்தான் மோட்டார், பேட்டரி எல்லாம் உட்காரும். அந்தக் குழாய் பதினெட்டு கேஜா, பதினாலு கேஜா? கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனமாம். யார் வைத்த கணக்கோ. ஜெபசீலன் பதினாலுதான் வேண்டும், போன வருஷம் பட்டது போதும் என்றான். என் மகள் பதினெட்டு போதும் என்றாள். லேசான குழாயா போட்டு, மிச்சமாகிற எடையை முன்னால் சுழல்கிற ஆயுதத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். அம்மிக் குழவி மாதிரி ஒரு உருளை அது. மொத்த எடை பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கூண்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் டீ வைக்கிற சாக்கில், போன தடவை மடங்குச்சே என்று மட்டும் கேட்டேன். மடங்கினதுக்குக் காரணம் தகடு இல்லையாம். மூலையாம். மூலைக்கு முட்டுக் கொடுக்கவில்லையாம். மூலை சரியில்லை என்று வாஸ்துக்காரன் சொன்னால் சிரிப்பாள். அவளே சொன்னால் அது இன்ஜினியரிங்.

கடைசியில் கேப்டன் சொன்னதுதான் நின்றது. பதினெட்டு.

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு அவர்கள் கணக்கு தெரியாது. ஆனால் உலோகம் தெரியும். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் எடுக்கப் போனாலும் என்னைக் கூப்பிடாமல் போக மாட்டார்கள். ஒரு கையால் தூக்கிப் பார்ப்பேன். விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்குவேன். மோதிரத்தால் ஒரு தட்டு. அவ்வளவுதான், எந்தக் கடைக்காரனும் என்னை ஏமாற்ற முடியாது. இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் அப்பா கொடுத்த பாத்திரமெல்லாம் லேசு. அவரால் முடிந்தது அது. என் மாமியார் வெந்நீர்ப் பானையை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கி, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினார். "காத்தடிச்சாப் பறந்துரும், உள்ள ஒரு கல்லைப் போட்டு வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், புதுப்பெண் வேறென்ன செய்வாள்? அந்தப் பானை முதல் பொங்கலுக்குள்ளேயே ஒடுங்கிவிட்டது. ஒடுங்கின பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித் திருப்பி வைத்தே பல வருஷம் ஓட்டினேன். அதிலிருந்து லேசான தகட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது.

குழாய்க்குக் காதர் பாய் கடையில் போனில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. அம்மா, நீ போய் ஆட்டோவில் ஏற்றி வெல்டிங் பட்டறையில் இறக்கிவிடு போதும் என்றாள். போனேன். பாய் குழாயை எடுத்து நீட்டினார். தூக்கினேன். கையில் ஒன்றுமே இல்லை, தங்கச்சி. முருங்கைக்காய் தூக்கின மாதிரி இருந்தது. மோதிரத்தால் தட்டினேன். தகர டப்பா சத்தம். எனக்கு அந்தப் பானை ஞாபகம் வந்துவிட்டது.

உங்க பொண்ணு சொன்ன கேஜ்தாம்மா என்றார் பாய். என் பெண் இதுவரைக்கும் ஒரு சீர் எடுத்திருக்கிறாளா, அவளுக்கு என்ன தெரியும், கனமானதைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். அதுதான் குழாய்! தூக்கும்போதே தோள் சொல்லிவிட்டது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான், உள்ளே தகடுதான் வித்தியாசம். எதுக்கும் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க என்றார் அவர். பரீட்சை ஹாலில் இருக்கிற பிள்ளையை எப்படிக் கேட்பது? நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ஹாலில்தான் இருந்தாள்.

பட்டறையில் வெல்டர் அறுக்க ஆரம்பித்தார். ஜெபசீலன் கூட நின்று அளவு சொல்லிக்கொண்டிருந்தான். அறுத்த முனையைப் பார்த்தவன், உள்ளே விரலை விட்டுத் தடவினான். இன்னொரு துண்டை எடுத்துத் தடவினான். "ஆன்ட்டி, இது இளவேனிலே சொல்லி வாங்கினதா?" என்று கேட்டான். வேற யாருப்பா சொல்லுவா என்றேன். உடனே அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பல்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது. அவளிடம் அவனும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றையிலிருந்து என்ன மரியாதை, என்ன மரியாதை! தினமும் காலையில் பால் பாக்கெட்டோடு வருகிறான். எங்கள் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து மூட்டு வலியைப் பற்றிப் பேசுகிறான். அவள் சுத்தியல் கேட்டால் துடைத்துக் கொடுக்கிறான். நல்ல குழாயைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே ஆச்சரியம்.

மூலைக்கெல்லாம் முட்டுத் தகடு வைத்து வெல்டு வைத்தார்கள். நடுவில் ஒரு குறுக்குக் குழாய், ஆயுதத்தைத் தாங்குகிறது. அதைப் பொருத்திவிட்டு, மேல் முனையை மூடுவதற்கு முன்னால் வெல்டரும் ஜெபசீலனும் டீ குடிக்கப் போனார்கள். நான் தனியாக இருந்தேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வீட்டுக்கு நிலை வைக்கும்போது கீழே நவதானியமும் பஞ்சலோகமும் போடாமல் யாராவது வைப்பார்களா? வாசற்படிக்கே அவ்வளவு பார்க்கிறோம். இது மோதி அடிபடப் போகிற சட்டம். ஒரே ஒரு கைப்பிடி நவதானியம், நாட்டு மருந்துக் கடையில் வாங்கின பஞ்சலோகத் துண்டு, வீட்டில் கிடந்த நாலைந்து பழைய செப்புக் காசு. உள்ளே போட்டு, மஞ்சள் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டேன். அவர்கள் வந்து மூடியை வைத்து வெல்டு வைத்தார்கள். வைக்கும்போது வெல்டர் மோந்து பார்த்து, யார் வீட்டிலோ பாசிப்பருப்பு வறுக்கிறார்கள் என்றார். ஆமாம் என்றேன்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். போட்டதை வெளியில் சொன்னால் பலன் இல்லை, தங்கச்சி.

அதற்குப் பிறகு அது ஓடும்போதெல்லாம் உள்ளே கலகல, கலகல. ரிஸ்வானா காதை வைத்து வைத்துக் கேட்பாள். எங்கோ போல்ட் லூசா இருக்கு என்று மூன்று பேரும் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார்கள். மறுபடியும் கலகல. எனக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்கக் கேட்க மனசு நிறைந்திருக்கும்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முழுசாகப் பூட்டி, தெருமுனை அரிசிக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தார்கள். பதினேழு கிலோவையும் தாண்டி நின்றது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து மொட்டைமாடியில் உட்கார்ந்தார்கள். ரிஸ்வானா லேப்டாப்பில் கணக்கை மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். எங்கேயும் தப்பில்லை. என் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு, நான்தான் எங்கோ தப்பா கூட்டிட்டேன், நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னேன். "எது தப்பானாலும் அந்தச் சட்டத்தை மட்டும் ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது கண்ணு. பாய் கொடுத்த லேசுக் குழாயை நான்தான் மாத்தி, கனமா எடுத்தேன்."

நல்ல சேதிதானே? தங்கச்சி, மூன்று பேரும் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே என்னைப் பார்த்தார்கள். முதலில் பேசினது ஜெபசீலன்தான். "அப்ப... இளவேனில் சொல்லலையா?" என்றான், ரொம்ப மெதுவாக. அவள், நான் எங்கடா சொன்னேன், உனக்குத் தெரியுமா, தெரிஞ்சு ஏன் சொல்லலை என்று அவன் பக்கம் திரும்பினாள். அவன் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டான். முகம் விழுந்துபோயிற்று. பாவம், ஆறிப்போய்விட்டது போல என்று நான் சூடாக இன்னும் இரண்டு வைத்தேன்.

அப்புறம் என் மகள் என்னிடம் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அம்மா, இது சீர் இல்ல. நான் எங்கேயும் வாக்கப்பட்டுப் போகலை. மடங்குனா நான் மடங்கிட்டுப் போறேன், எனக்கு எதுவும் கனமாப் பார்த்துக் குடுக்காத. கோயம்புத்தூருக்கு நீ வரவே கூடாது" என்றாள்.

பெற்ற தாயைப் பார்த்து. நாத்தனாரைப் பார்க்கக்கூடப் போகக் கூடாதா?

புதுச் சட்டம் கட்ட நாள் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த அருமையான குழாயில் ஓட்டை போட்டார்கள். எடை குறைக்கிறார்களாம். விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரை டிரில்லை வைத்து, ஒவ்வொரு பக்கமாக, வரிசை வரிசையாக. இட்லித் தட்டு தோற்றுப்போகும். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, வீட்டை இடிக்கிறீர்களா என்று கேட்டார். ஒவ்வொரு ஓட்டைக்கும் என் நெஞ்சில் டிரில் வைத்த மாதிரி இருந்தது. கனமாக வாங்கி அதை லேசாக்குகிற வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மேல்மூடியை அலுமினியமாக மாற்றினார்கள். பேட்டரியைச் சின்னதாக்கினார்கள். நடுக் குறுக்குக் குழாயை மட்டும் தொடவில்லை. அதுதான் ஆயுதத்தைத் தாங்குகிறது, அதில் கை வைக்கக் கூடாது என்று ரிஸ்வானா சொல்லிவிட்டாள்.

முந்தாநாள் மறுபடியும் தராசு. இன்னும் நூறு கிராம் சொச்சம் கூடுதல். ரிஸ்வானா கணக்கில் சரியாக வருகிறது, தராசில் வரவில்லை. அண்ணே உங்க தராசு தப்பு என்று சொல்லப்போக, அரிசிக் கடைக்காரர், என் அப்பா காலத்திலிருந்து ஒருத்தரும் சொன்னதில்லை என்று கோபித்துக்கொண்டார். போட்டித் தராசில் சரியாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு, நேற்று வேன் வைத்துப் போய்விட்டார்கள். போகும்போது அவள் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. இன்றைக்குக் காலையில் எடை போடுவார்கள். கூடினால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

நூறு கிராம். ஒரு கைப்பிடி நவதானியம் எவ்வளவு இருக்கும், தங்கச்சி? காசோடு சேர்த்து?

ஐயோ, நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்கள். இப்போதே போன் போட்டுச் சொல்லுங்கள் என்றால்? ஒட்டன்சத்திரத்தில் போட்டேன், எடுக்கவில்லை. பழனியில் போட்டேன், கட் பண்ணினாள். உடுமலைப்பேட்டையில் நீங்கள் டீ குடிக்க இறங்கியபோது ரிஸ்வானாவுக்குப் போட்டேன், அவளும் எடுக்கவில்லை. பின்னே எதற்குக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறேன் என்று நினைக்கிறீர்கள்? நாத்தனார் என்ன, நாத்தனார் திருப்பூருக்குக் குடிபோய் ஒரு வருஷம் ஆகிறது.

இருங்கள், இருங்கள். அடிக்கிறது. அவள்தான்.

அலோ. அலோ, சொல்லு கண்ணு. இல்லையே, நான் ஒண்ணும் போடலையே. எந்தக் குழாய்? நடுக் குழாயா? ம். கொஞ்சம் நவதானியம். ஒரு கைப்பிடிதான். காசும்தான். சரி. சரி. நான் எங்க இருப்பேன், வீட்டுலதான் இருக்கேன். அது... அது டிவி சத்தம். ம், புளிசாதம். சரி. ம். சரி கண்ணு.

வைத்துவிட்டாள். கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா?

போட்டித் தராசிலும் கூடுதலாகத்தான் காட்டியதாம். அரிசிக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டும். கால் மணி நேரம் தருகிறோம், குறைத்துவிட்டு வாருங்கள் என்றார்களாம். குறைப்பதற்கு அந்த நடுக் குழாய்தான் பாக்கி. ஒரே ஒரு ஓட்டை போடலாம், கீழ்ப்பக்கமாக என்று ரிஸ்வானா ஒத்துக்கொண்டாளாம். ஜெபா டிரில்லைப் பிடிக்க — ஜெபா என்றுதான் சொல்கிறாள், முழுப் பெயர் நீளம் என்பதால் இருக்கும் — டிரில்லை வெளியே எடுத்ததும் மேஜை முழுக்க உளுந்து, கொள்ளு, எள்ளு, கருகின பாசிப்பருப்பு. அதன் பின்னால் செப்புக் காசு, ஒவ்வொன்றாக, டிங் டிங் என்று. எடை போடுகிற சார் எழுந்து நின்றுவிட்டாராம். இது என்ன ஆயுதமா, விதியில் இருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டினாராம். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? எங்கம்மா சார் என்றாளாம். அவ்வளவுதான். அவர் புத்தகத்தை மூடிவிட்டாராம். மறுபடி தராசில் வைத்தார்கள். பதினைந்துக்கு உள்ளே வந்துவிட்டது. உள்ளே விட்டுவிட்டார்கள்.

பார்த்தீர்களா? பலன் இல்லை என்று யாராவது சொல்லட்டும் இப்போது. நான் அதைப் போட்டு வைக்கவில்லை என்றால் அந்தக் கடைசி நேரத்தில் எதை வெளியே எடுத்திருப்பார்கள்? பெற்றவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவர்களுக்கு லேப்டாப்பில் வருகிறது, நமக்குக் கையில் வருகிறது.

இல்லை, திட்டவில்லை. சொல்லும்போதே சிரிப்புதான். பின்னாலேயும் சிரிப்புச் சத்தம். அந்தப் பையன் சத்தம்தான் பெரிசாகக் கேட்டது. ஓட்டை போடும்போது டிரில் உள்ளே போக மாட்டேன் என்று மல்லுக்கட்டியதாம், தகடு அவ்வளவு கெட்டி என்று அவளே சொன்னாள். அவள் வாயால். நான் ஒன்றும் பதில் பேசவில்லை. அதுதான் பெருந்தன்மை.

டிவி சத்தம் என்று சொன்னேன் இல்லையா? அந்த நேரம் பார்த்து நம் கண்டக்டர், கிணத்துக்கடவு இறங்கறவங்க முன்னாடி வாங்க என்று கத்தினார். அது அவள் காதிலும் விழுந்துவிட்டது. அப்புறம் கேட்டாள், "என்ன சோறு கொண்டாற?"

புளிசாதம் என்றேன். நாங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை, வா என்றாள். வந்து முன்னால் உட்கார், ஆனால் எதையும் தொடாதே என்றாள். நான் எதைத் தொடப் போகிறேன்? தூர நின்று ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டால் போதும். அதைக்கூட எடை போட்டு முடித்த பிறகுதானே போடப் போகிறேன்.

அதோ, ஈச்சனாரிக் கோயில் கோபுரம் தெரிகிறது. கொடுங்கள் தங்கச்சி அந்தக் கேரியரை. இவ்வளவு தூரம் மடியிலேயே வைத்திருந்தீர்கள், மகராசியாக இருங்கள். கால் மரத்துப்போய்விட்டதா? மரத்துத்தான் போகும். அடித்தட்டைத் தட்டிப் பாருங்கள், மோதிரத்தால். கேட்டதா? இது நானே கனம் பார்த்து எடுத்தது.